சொல்லிக்கொண்டு போனவர்கள்

எங்கள் பெரியப்பா லேசில் யாரையும் நம்ப மாட்டார். தண்ணீர் கேன் கொண்டுவருகிறவரைக்கூட நிறுத்தி, மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டுத்தான் இறக்கச் சொல்வார். வாட்ஸப்பில் வருவதை மட்டும் அப்படியே நம்புவார். அப்படிப்பட்டவர், ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த என்னை நம்பி ஒரு வேலையைக் கொடுத்தார் என்றால் எனக்குத் தலைகால் புரியுமா?

கட்டுமாவடிக்குத் தெற்கே கடலோரத்தில் எங்கள் ஊர். அந்த வருஷம் திடீரென்று அடித்த சூறைக்காற்றில் ஊர்ப் படகுகள் இரண்டு கவிழ்ந்தன. சிலர் நீந்திக் கரை சேர்ந்தார்கள். மூன்று பேர் வரவில்லை. அதில் ஒருவர் என் சித்தப்பா. அப்பா சிங்கப்பூரில் இருந்ததால், சித்தப்பாவும் சித்தியும்தான் எங்களோடு ஒரே வீட்டில் இருந்தார்கள். தினமும் எனக்குத் தலை பின்னி விடுவது சித்திதான். அம்மா பின்னினால் வலிக்கும்.

நாலு நாள் தேடினார்கள். இரண்டு பேருடைய உடல் கிடைத்தது. சித்தப்பா கிடைக்கவில்லை. ஊர் அவரையும் செத்தவர்களோடு சேர்த்துவிட்டது, சித்தி சேர்க்கவில்லை. எங்கள் பக்கம் சாவு வீட்டில் அடுப்பு எரியாது. பக்கத்து வீடுகளிலிருந்துதான் சோறு வரும். சித்தியோ விடிந்ததும் முதல் வேலையாக அடுப்பைப் பற்ற வைத்து, சித்தப்பாவுக்கும் சேர்த்து உலை வைத்தாள். வந்த தூக்குவாளிகளைத் திறக்காமலே திருப்பி அனுப்பினாள். யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை, அழவும் இல்லை.

துக்கம் கேட்க வந்தவர்கள் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, வழக்கப்படி சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போனார்கள். சாவு வீட்டில் ‘போயிட்டு வாரேன்’ என்று சொல்லக் கூடாது. சொன்னால், இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்று ஆகிவிடுமாம். ஒவ்வொருவரும் எழுந்திருக்கும்போது சித்தி அவர்களுடைய வாயையே பார்த்தாள். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டு செருப்பைத் தேடினார்கள்.

ஐந்தாம் நாள் ஒரு அக்காவும் ஒரு அண்ணனும் வந்தார்கள். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. அந்த அக்காவுக்கு நாற்பது வயது இருக்கும். தோளில் ஒரு துணிப்பை. இப்படிப் பெரிய துயரம் நடந்த ஊர்களுக்குப் போய் ஒத்தாசையாக இருக்கும் தன்னார்வலர்கள் என்று சொன்னார்கள். என்ன கொண்டுவந்திருக்கிறீர்கள் என்று பெரியப்பா கேட்டார்.

“எதுவும் கொண்டாரலைங்கய்யா. கொஞ்ச நாளைக்குக் கூட இருக்கலாம்னு வந்திருக்கோம்.”

பெரியப்பாவுக்கு அங்கேயே பொறி தட்டிவிட்டது. கொடுக்க வருகிறவனைத் தெரியும், பிடுங்க வருகிறவனையும் தெரியும். இரண்டும் இல்லாமல் சும்மா இருக்க எவனாவது பஸ் ஏறி வருவானா? பத்திரிகைக்காரர்கள் என்றார். மத்தியானத்துக்குள் மதம் மாற்றுகிறவர்கள் என்றார். சாயங்காலம் வாட்ஸப்பில் ஒரு குரல் பதிவைக் கேட்ட பிறகு, கிட்னி திருடும் கும்பலாகவும் இருக்கலாம் என்றார். ஊரே தலையாட்டியது.

அவர்கள் செய்ததெல்லாம் இவ்வளவுதான். மூன்று வீடுகளுக்கும் மாறி மாறிப் போனார்கள். குழாயில் தண்ணீர் வந்தால் குடம் தூக்கினார்கள். சின்னப் பிள்ளைகளை உட்கார வைத்துப் படம் வரையச் சொன்னார்கள். அந்த அக்கா சித்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக் கொடுத்தாள். ஒரு கேள்வி கேட்கவில்லை. கிளம்பும்போது சித்தியின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

“போயிட்டு வாரோம்ங்க.”

வீட்டில் இருந்த எல்லோருக்கும் தூக்கிவாரிப்போட்டது. அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். சித்தி மட்டும், ஐந்து நாளாகப் பேசாத சித்தி, “வாங்க” என்றாள்.

அதற்குப் பிறகு தினமும் இதே கதைதான். அவர்கள் ‘போயிட்டு வாரோம்’ என்பார்கள், சித்தி ‘வாங்க’ என்பாள். பெரியப்பாவுக்கு ரத்தம் கொதித்தது. கருமாதிக்கு நாள் குறித்துவிட வேண்டும் என்று அவர் நின்றார். சித்தி வாயைத் திறக்காமல் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். அந்தப் பொம்பளைதான் ஏதோ சொல்லி அவள் மனசைக் கலைக்கிறாள் என்பது பெரியப்பாவின் முடிவு. பெரியப்பாவும் கெட்டவர் இல்லை. கூடப்பிறந்த தம்பியைக் கடலில் விட்டுவிட்டு நிற்கிறவர். அந்தக் கோபத்தைக் கடல்மேல் காட்ட முடியுமா?

அப்போதுதான் என்னைக் கூப்பிட்டார். “நீ சின்னப் புள்ள, ஒன்ன யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. அவ எங்கிட்டுப் போறா, என்ன பேசுறா, எல்லாம் எனக்குத் தெரியணும்.”

நான் அந்த அக்கா பின்னாலேயே திரிந்தேன். படகு மறைவில் நின்றேன், கருவேல மரத்துக்குப் பின்னால் நின்றேன். என் திறமையில் எனக்கு அபார நம்பிக்கை. சித்தியை அவள் ஏதோ செய்கிறாள் என்ற பயமும் உண்மையிலேயே இருந்தது. சித்தி எனக்குத் தலை பின்னி ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. என்னோடு பேசாத சித்தி இவளிடம் மட்டும் ஏன் பேச வேண்டும்? சொல்ல வெட்கமாக இருக்கிறது, பொறாமைதான்.

ஒருநாள் அவள் பையை எங்கள் வீட்டு ஆணியில் மாட்டிவிட்டுக் குடத்தோடு போனாள். பையில் ஒரு நோட்டு இருந்தது. எடுத்துக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்கு ஓடினேன். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம். எங்கள் வீட்டுப் பக்கத்தில் இப்படி இருந்தது:

‘தூக்கம் இல்லை. கொஞ்சம் சாப்பிடுகிறார். அடுப்பு எரிகிறது. இன்னும் காத்திருக்கிறார்; அவராக முடிவுக்கு வரும்வரை அவசரப்படுத்தக் கூடாது. கிளம்பும்போது மறக்காமல் ‘போயிட்டு வாரோம்’ என்று சொல்ல வேண்டும்.’

கீழே இன்னொரு வரி: ‘மூத்தார் மகள், பத்து வயது இருக்கும். பின்னாலேயே வருகிறாள். வரட்டும்.’

அந்தக் கடைசி வரியைப் படித்ததும் எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்ல முடியாது. நேராகப் பெரியப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவர் இரண்டு தடவை படித்தார். பிறகு கூடியிருந்தவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டினார். “பாத்தீங்களா? போகும்போது என்ன சொல்லணும்ங்கிறதக்கூட எழுதி வச்சுக்கிட்டு வந்திருக்காங்க. தெரியாமச் சொல்லல, தெரிஞ்சே சொல்லியிருக்கா!” வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. அந்த அக்காவும் அண்ணனும் தண்ணீர்க் குடத்தோடு வந்து சேர்ந்தார்கள். அந்த அண்ணன் ஏதோ விளக்கப் பார்த்தான். யாரும் கேட்கவில்லை. நல்லவன் எதற்கு எழுதி வைக்க வேண்டும் என்று ஒருவர் கேட்டார். அது எல்லோருக்கும் சரியாகப் பட்டது, எனக்கும்தான்.

பெரியப்பா நோட்டை அவள் கையில் திணித்தார். “இனிமே இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது. அந்தச் சொல்லு ஒங்க வாயில வரக் கூடாது. எங்க வழக்கப்படி, சொல்லாமப் போங்க.”

சத்தம் கேட்டு சித்தி உள்ளேயிருந்து வந்து நிலைப்படியில் நின்றாள். கையில் கரண்டி இருந்தது. அந்த அக்கா அவளைப் பார்த்தாள். சித்தி அவளுடைய வாயைப் பார்த்தாள். அக்காவின் உதடு ஒருமுறை அசைந்தது. பிறகு தலையைக் குனிந்துகொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் நடந்தாள். போகிற வழியில் என்னை ஒரு தடவை பார்த்தாள். நான் பெரியப்பா பின்னால் ஒளிந்துகொண்டேன்.

அவர்கள் தெருமுனை திரும்புகிற வரைக்கும் சித்தி நின்றாள். பிறகு கரண்டி கீழே விழுந்தது. நிலையைப் பிடித்தபடி அப்படியே சரிந்து உட்கார்ந்து, மார்பில் அடித்துக்கொண்டு, சித்தப்பாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு அழுதாள். அவள் அவர் பெயரைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. பெண்கள் ஓடிவந்து கட்டிக்கொண்டார்கள். இப்பத்தான் அவ தெளிஞ்சா என்றார்கள். பெரியப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் தலையைத் தடவினார். ஒரு திருடியைப் பிடித்துக் கொடுத்துவிட்டேன், இனிமேல் சித்தி பழையபடி ஆகிவிடுவாள், நாளைக்குத் தலை பின்னி விடுவாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்குச் சித்தி வைத்த உலை பாதியில் நின்றது. அடுப்பில் யாரோ தண்ணீரை ஊற்றி அணைத்தார்கள். சாயங்காலம் பக்கத்து வீட்டிலிருந்து தூக்குவாளியில் சோறும் ரசமும் வந்தன. இந்த முறை யாரும் திருப்பி அனுப்பவில்லை. நல்ல பசி எனக்கு. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.