சந்தனம் பூசிய பூட்டு

போன வாரம் என் கணினி என்னிடம் ஒரு சேதி சொன்னது. எழுதும் மென்பொருளின் சந்தா முடிந்துவிட்டதாம். நான் எழுதி வைத்ததை நான் படித்துக்கொள்ளலாமாம், திருத்தக் கூடாதாம். என் வீட்டில், என் மேசையில், என் எழுத்தைத் தொட எவனோ முகம் தெரியாதவன் அனுமதி தர வேண்டும். எரிச்சலில் எழுந்து முகம் கழுவப் போனேன். சந்தன சோப்பு வாசம் மூக்கில் ஏறியதும் ராஜபாளையம் ஞாபகம் வந்துவிட்டது. சந்தனத்துக்கும் மென்பொருளுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது, சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் அங்கே சிக்கந்தர் பாயின் அச்சகத்தில் நான் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி எல்லாம் என் விரல் வழியாகத்தான் போகும். கம்ப்யூட்டர் இருந்த கண்ணாடி அறைக்குள் செருப்போடு நுழையக் கூடாது. வைரஸ் செருப்பில் ஒட்டிக்கொண்டு வரும் என்று பாய் நம்பினார். நான் அதைத் திருத்தவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கும் லேசாக ஒரு சந்தேகம் இருந்தது.

அப்போதெல்லாம் இயங்குதளத்தைக் காசு கொடுத்து வாங்குவார்கள் என்றே எங்கள் பக்கத்தில் யாருக்கும் தெரியாது. மிஷின் வாங்கினால் டாஸ் என்ற அந்த இயங்குதளமும் கூடவே வரும், காய்கறிக்காரர் கொசுறாகப் போடும் கறிவேப்பிலை மாதிரி. தமிழ் எழுத்துக்கான மென்பொருள் மட்டும் வேறு ஜாதி. சென்னைக் கம்பெனி ஒன்றிடம் பாய் அதை முழு விலை கொடுத்து, பில்லோடு வாங்கியிருந்தார். அதோடு தீப்பெட்டி அளவில் ஒரு பூட்டு கொடுத்தார்கள். மிஷினின் முதுகில், பிரிண்டர் வயர் சொருகும் இடத்தில் அதை மாட்ட வேண்டும். மாட்டினால்தான் மென்பொருள் திறக்கும். இல்லாவிட்டால் நாம் அடித்து வைத்த தமிழெல்லாம் ஆங்கில எழுத்தும் டாலர் குறியுமாகக் கொட்டிக் கிடக்கும். ஒவ்வொரு கம்பெனியும் தமிழுக்குத் தனித்தனியாக ஒரு ரகசிய வரிசை வைத்திருந்த காலம் அது. ஒருவன் எழுத்து இன்னொருவன் மென்பொருளில் வாசிக்காது.

அந்த வருஷம் எங்களிடம் ஒரு புத்தக வேலை வந்தது. வன்னியம்பட்டியிலிருந்து ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் தன் பட்டாள அனுபவத்தைப் புத்தகமாகப் போட வந்தார். அவருக்குக் கை நடுக்கம், எழுத வராது. அதனால் என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் அடித்தேன். மூன்று மாதம் ஓடியது. கடைசி அத்தியாயம் முழுக்கப் பெயர்கள். வன்னியம்பட்டி, கான்சாபுரம், மகாராஜபுரம் என்று சுற்றுவட்டாரத்தில் அவரோடு பட்டாளத்துக்குப் போய்த் திரும்பி வராதவர்களின் பெயர், அப்பா பெயர், தெரு. அதற்காகத்தான் புத்தகமே என்று சொல்லியிருந்தார். அதைச் சொல்லி முடித்த கொஞ்ச நாளில் அவருக்கு மறதி ஆரம்பித்தது. ஒருநாள் என்னைப் பட்டாளத்தில் தன் கீழே இருந்த யாரோ ஒரு நாயக் என்று நினைத்துக் கூப்பிட்டார். கையெழுத்துப் பிரதி என்று எதுவும் கிடையாது. எல்லாம் ஆறு பிளாப்பியில் இருந்தது.

ஆயுத பூஜை வந்தது. பாய் அதில் தலையிட மாட்டார், ஆனால் பொரியும் கடலையும் அவர் செலவு. கட்டிங் மிஷினுக்கும் மானிட்டருக்கும் பொட்டு வைத்து முடித்த பிறகு எனக்கு ஒரு ஞானம் பிறந்தது. கடையிலேயே விலை உயர்ந்த ஆயுதம் அந்தப் பூட்டுதானே, அதை விடலாமா? கழற்றி, ஈரத்துணியால் பயபக்தியோடு துடைத்து, இரண்டு பக்கமும் சந்தனத்தைக் குழைத்துப் பூசிக் குங்குமமும் வைத்து, ஈரம் காயுமுன்னே மாட்டினேன். மறுநாள் காலை மிஷினைப் போட்டதும் பூட்டைக் காணவில்லை என்று திரையில் வந்தது. பூட்டின் ஊசிக்கு ஊசி இடையில் என் பக்திதான் அப்பியிருந்தது. சுரண்டினேன், ஊதினேன், வெயிலில் வைத்தேன். பூட்டு செத்துப் போயிருந்தது.

பாய் எஸ்டிடி பூத்திலிருந்து கம்பெனிக்குப் பேசினார். பூட்டைக் கெடுத்தால் மென்பொருளையே மறுபடி முழு விலைக்கு வாங்க வேண்டும் என்றார்கள். பில் இருக்கிறதே என்று கேட்டதற்குப் பில் இருந்தால் என்ன என்று போனை வைத்துவிட்டார்கள். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் போகவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் டிடிபி கடை வைத்திருந்த என் சிநேகிதன் முரளியிடமும் இதே மென்பொருள் இருந்தது. அவன் ஒரு பைசா கொடுக்கவில்லை. பூட்டு இருப்பதாகவே மென்பொருளை நம்பவைக்கும் குட்டி நிரல் ஒன்று அவனிடம் இருந்தது. காசு கொடுத்தவன் கடை பூட்டிக் கிடக்க, கொடுக்காதவன் கடை ஜேஜே என்று ஓடியது. இந்த நியாயத்தை எனக்கு இதுவரை யாரும் விளக்கவில்லை. அவன் கொடுத்த பிளாப்பியை எவர்சில்வர் டிபன் டப்பாவில் வைத்து மூடி, பஸ்ஸில் மடியை விட்டு இறக்காமல் கொண்டு வந்தேன்.

பாய் அதைத் தொடக்கூட மறுத்துவிட்டார். "களவு சாமான் இந்த மேசையில ஏறக் கூடாது தம்பி" என்றார். தொழுகையாளி, தராசு பார்த்துப் பேசுகிறவர். புரூஃப் பார்க்க வந்திருந்த சுபேதார் பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவருக்குத் தெளிவான நாள்.

"பாய், ஒங்க வீட்டுச் சாவி தொலைஞ்சா என்ன செய்வீய?"

"பூட்ட ஒடைப்பேன்."

"அது களவா?"

சுபேதார் விடவில்லை. "உள்ள கெடக்கது என் பயலுவ பேரு. அத வெளிய எடுக்க எவன்ட்ட கேக்கணும்?" என்றார். பாய் நாற்காலியை என் பக்கம் தள்ளி, "போடுலே" என்றார். போட்டேன். பெயர்கள் தமிழில் வந்து நின்றன. நான் வெட்கப்படாமல் அழுதேன்.

புத்தகம் வந்தது. அது வந்து சில மாதம் கழித்துக் கம்பெனி ஆள் ஒருவர் டை கட்டிக்கொண்டு வந்து, பூட்டைத் தேடி மிஷினின் முதுகைத் தடவிப் பார்த்தார். நாங்கள் வாங்கியது மென்பொருளை அல்ல, அதை உபயோகிக்கும் அனுமதியைத்தான் என்றும், வழக்குப் போடுவோம் என்றும் சொன்னார். பாய் உள்ளே போய்ப் பில்லை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தார். "விற்றதுன்னுதான போட்டிருக்கிய. அனுமதின்னு எங்க போட்டிருக்கு, வாசிங்க." அந்த ஆள் வாசிக்கவில்லை. டீ கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

பிற்பாடு, காப்பி எடுத்து நாலு பேருக்குக் கொடு என்று தானே சொல்லும் இயங்குதளம் ஒன்று இருப்பதை அறிந்தபோது, இதை பாய்க்குச் சொல்ல வேண்டுமே என்றுதான் முதலில் தோன்றியது. அப்போது பாய் இல்லை. சுபேதாரும் இல்லை. அச்சகம் இருந்த இடத்தில் செல்போன் கடை. அந்தச் சென்னைக் கம்பெனியும் எப்போதோ கடையைச் சாத்திவிட்டது. வழக்குப் போடக்கூட இன்றைக்கு ஆள் கிடையாது.

சுபேதாரின் மகள் இரண்டு வருஷத்துக்கு முன் என்னைத் தேடிப் பிடித்துப் போன் செய்தார். வீட்டிலிருந்த புத்தகங்களைக் கரையான் தின்றுவிட்டதாம். "ஒங்ககிட்ட ஏதும் கெடக்காண்ணே?" என்றார். பிளாப்பியிலிருந்து சிடிக்கும், சிடியிலிருந்து கணினிக்குமாக நான் அந்தப் புத்தகத்தையும் முரளி தந்ததையும் விடாமல் தூக்கிச் சுமந்து வந்திருந்தேன். பழைய டாஸ் போலவே நடிக்கும் நிரல் ஒன்றில் முரளியின் பூட்டுடைத்த காப்பியை ஓடவிட்டேன். கடைசி அத்தியாயம் திறந்தது. ஒரு பெயர்கூட உதிரவில்லை. கம்பெனி பத்திரமாகப் பூட்டி விற்ற மென்பொருள் பிரதியெல்லாம் மண்ணோடு போக, எனக்குத் தெரிந்து மிஞ்சியிருப்பது இந்தக் களவுக் காப்பி ஒன்றுதான். சட்டப்படி இது குற்றம் என்கிறார்கள். இருக்கட்டும். அந்தப் பெண்ணுக்கு அச்செடுத்து அனுப்பிவிட்டு, அந்தக் களவு மென்பொருளையும் புத்தகத்தையும் சேர்த்து மூன்று காப்பி எடுத்து மூன்று பேரிடம் கொடுத்து வைத்தேன்.