பளபளா பூசிய டேங்க்

என் அக்கா புருஷனைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பளபளா என்றால்தான் தெரியும். பழைய மோட்டார் சைக்கிள்களைப் புதுசு போல ஆக்கிக் கொடுப்பது அவருடைய தொழில். அந்தப் 'போல'வைத் தாண்டி அவருடைய வண்டி எதுவும் போனதில்லை.

கையில் வித்தை இல்லாதவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். பெட்ரோல் டேங்க்கின் பக்கவாட்டில் தங்கநிறக் கோடு இழுக்க அவருக்கு ஸ்கேலும் வேண்டாம், டேப்பும் வேண்டாம். மூச்சை அடக்கிக்கொண்டு பிரஷ்ஷை ஒரு முனையில் வைத்தால் மறுமுனையில்தான் எடுப்பார். நூல் பிடித்த மாதிரி இருக்கும். அந்த ஒரு கோட்டை வைத்து ஆயுளையே ஓட்டிவிடலாம் என்று மனிதர் முடிவு கட்டிவிட்டார். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் உழைப்பது அவருக்கு ஏதோ மானக்கேடு. வீட்டுச் சுவரில் ஈரம் ஊறி வந்தபோது, குழாய் எங்கே ஒழுகுகிறது என்று பார்க்காமல் மேலே பச்சை பெயிண்ட் அடித்தார். ஈரம் மறுபடி வந்தது. மறுபடி அடித்தார். கடைசியில் குழாயே வெடித்துச் சமையலறையில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றபோது, "நல்ல பெயிண்ட்டே இப்பல்லாம் கெடைக்கறதில்ல" என்று சலித்துக்கொண்டார்.

அவர் பட்டறைக்கு அடுத்தது என் கடை. லாரி ரேடியேட்டர்களுக்குப் பற்றவைப்பவன் நான். நடுவில் ஒரு தகரத் தடுப்பு மட்டும்தான் என்பதால், அவர் அளக்கிற கதையெல்லாம் காதில் விழுந்துதான் தீரும்.

பழைய டேங்க் என்றால் உள்ளே துரு இருக்கும். துருவை எடுத்து, கழுவி, நன்றாகக் காயவைத்த பிறகுதான், மறுபடி துரு பிடிக்காமலிருக்க உள்பூச்சு ஊற்றவேண்டும். டப்பாவிலேயே படம் போட்டு எழுதியிருக்கிறது. பளபளா டப்பாவைத் திறப்பார், ஊற்றுவார், டேங்க்கை இப்படியும் அப்படியும் புரட்டுவார், கையைத் துடைத்துக்கொள்வார். துருவின் மேல், ஈரத்தின் மேல், சில சமயம் மிச்சப் பெட்ரோலின் மேலேயேகூடப் பூச்சு.

"உள்ள யாரு எட்டிப் பாக்கப்போறா மச்சான்?" என்பார் என்னிடம். சொல்லிவிட்டு, பெரிய தொழில் ரகசியத்தைத் தானம் கொடுத்தவர் போலச் சிரிப்பார்.

எட்டிப் பார்க்க வைத்தவர் ஒரு தையல் டீச்சர். காயலான் கடையில் கிடந்த பழைய மோட்டார் சைக்கிளை ஆசைப்பட்டு வாங்கி, பளபளாவிடம் கொடுத்துச் சரிசெய்து, அதில்தான் வகுப்புக்குப் போய்வந்துகொண்டிருந்தார். ஒருநாள் காலை ரயில்வே கேட்டைக் கடக்கும்போது, சரியாகத் தண்டவாளத்தின் நடுவில் வண்டி நின்றுவிட்டது. உதைத்தார், உதைத்தார், கிளம்பவில்லை. மணி அடித்து கேட் இறங்கத் தொடங்கியது. கேட் கீப்பர் கத்திக்கொண்டே ஓடிவந்து பின்னால் பிடிக்க, இருவருமாகத் தள்ளி வண்டியை வெளியே சேர்த்தார்கள். அதற்குள் ரயில் முகம் காட்டிவிட்டது. கேட் கீப்பரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு, பாவம், பட்டறைவரை வண்டியை உருட்டியே வந்தார் டீச்சர்.

பளபளா முதல் காரியமாகத் துணியை எடுத்து டேங்க்கின் மேலிருந்த தூசியைத் துடைத்தார்.

"பெட்ரோல்ல கலப்படம் டீச்சர். எந்த பங்க்ல போட்டீங்க?"

"எப்பவும் போடற பங்க்லதான். அங்க போடற மத்த வண்டியெல்லாம் ஓடுதே."

"அப்ப சோக்க இழுத்தபடியே ஓட்டியிருப்பீங்க. லேடீஸ்க்கு அந்தப் பழக்கம் உண்டு."

டீச்சர் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பிரித்தார். வழியில் ஒரு மெக்கானிக் கார்பரேட்டரைக் கழற்றிக் கொட்டியதாம். வெளிறிய தோல் மாதிரி, நகம் அகலத்துக்குத் துண்டு துண்டாக இருந்தது.

"இது என்ன?"

"தூசி."

"தூசி இவ்ளோ அகலமாவா வரும்? நான் தண்டவாளத்துல நின்னேன் அண்ணே. எதிர்ல ரயில் வந்துச்சு."

"வண்டிக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டார் பளபளா.

அவருடைய வீடு பட்டறைக்கு மேலேதான். அந்தக் கேள்வி விழுந்தபோது என் அக்கா மாடிப்படியில் நின்றிருந்தாள். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் பல வருஷமாக வேலை பார்ப்பவள். எந்தக் கறை எதற்கு அசையும் என்று பார்த்துப் பார்த்துப் பழகியவள். இறங்கிவந்து, என்னிடம் டார்ச் வாங்கி, டேங்க் மூடியைத் திறந்து உள்ளே அடித்தாள். நானும் பார்த்தேன். பூச்சு பாளம் பாளமாகப் பிரிந்து, கிழிந்த திரைச்சீலை போலத் தொங்கியது.

"இது மேலயே இன்னொரு பூச்சு ஊத்திட்டாப் புடிச்சுக்கும்" என்றார் பளபளா.

"நீங்க ஒண்ணும் ஊத்த வேண்டாம். டேங்க்கக் கழட்டிக் குடுத்தாப் போதும்." அக்கா டீச்சர் பக்கம் திரும்பினாள். "நான் உரிச்சு எடுத்துத் தரேம்மா. கொஞ்ச நாள் ஆகும்."

"உங்களுக்கு இந்த வேலை தெரியுமாக்கா?"

"தெரியாது. ஆனா நான் டப்பாவுல போட்டிருக்கறத வாசிச்சுட்டுத்தான் தொடுவேன்."

வீட்டின் பின்புறம் திறந்தவெளியில் வேலை தொடங்கியது. பக்கத்து வீட்டுக்காரரிடம், இந்தப் பக்கம் பீடி பற்றவைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தாள். கையுறை மாட்டினாள். பெட்ரோல் குழாயைக் கழற்றி, அந்தத் துளைக்குக் கார்க் அடித்தாள். முதலில் தின்னர் ஊற்றி ஒருநாள் ஊறவைத்தாள். பூச்சு பிசுபிசுத்ததே தவிர, அசையவில்லை. பிறகு பெயிண்ட் உரிக்கிற மருந்தை வாங்கிவந்து ஊற்றினாள். அது வேலை செய்தது. பூச்சு உப்பிச் சுருங்க ஆரம்பித்தது. ஒரு கைப்பிடி இரும்பு நட்டுகளை உள்ளே போட்டு மூடி, பழைய டயரின்மேல் வைத்து நானும் அவளுமாக உருட்டினோம். காது அடைத்துப்போகும் சத்தம். கொட்டினால் சாம்பல் நிறக் கூழ். மறுபடி ஊற்றினோம், உருட்டினோம், கொட்டினோம்.

பளபளாவும் உழைக்காமல் இல்லை. டேங்க்கின் வெளிப்பக்கத்தை பிளாஸ்டிக் தாளால் சுற்றிக் கட்டியது அவர்தான். "பாத்து! பாத்து! கோட்டு மேல ஒரு சொட்டு பட்டாலும் போச்சு!" என்று சுற்றிச் சுற்றி வந்தார்.

வளைத்த கம்பியால் துழாவிக்கொண்டிருந்த அக்கா, திடீரென்று கையை மெதுவாக்கினாள். கிழியாமல் முழுசாக ஒரு படலம் வாய்வழியே வந்துகொண்டே இருந்தது. பாம்புச் சட்டை மாதிரி அதைத் தூக்கிப் பிடித்துச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகுகாலம் ஆகிவிட்டது.

அடுத்தது தண்ணீர் விட்டு அலசினோம். டேங்க் நுரை தள்ளியது. நாங்கள் சோப்புப் போடவில்லை. கொஞ்ச நேரத்தில் அடிப்பக்கத்திலிருந்து வரிசையாகத் தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது.

"என்னங்க இது?"

பளபளா பிளாஸ்டிக் தாளின் முடிச்சைச் சரிசெய்தார். "குளிக்கற சோப்புதான். பெட்ரோல்ல கரையாது. ஓட்டைல தேச்சா அடைச்சுக்கும். அவசரத்துக்கு எல்லாரும் பண்றதுதான்."

"அவசரத்துக்கா? மேல பட்டி பாத்து, பெயிண்ட் அடிச்சு, கோடும் போட்டுக் குடுத்திருக்கீங்களே!"

தகரம் அங்கங்கே சல்லடையாக இருந்தது. அதில் சோப்பைத் தேய்த்து, உள்ளே பூச்சை ஊற்றி, ஒரு பெண்ணை ரயில்பாதைக்கு அனுப்பிவைத்திருக்கிறார். எனக்கு வாயில் வந்ததை அக்கா பக்கத்தில் இருந்ததால் விழுங்கினேன். டேங்க்கைப் பலமுறை கழுவி, பெட்ரோல் வாடையே போன பிறகு, தீப்பிடிக்காமலிருக்க உள்ளே முக்கால்வாசி தண்ணீர் நிரப்பிக் கவிழ்த்துவைத்து, ஒவ்வொரு ஓட்டையாகப் பற்றவைத்தேன். அடிப்பக்கத்துப் பெயிண்ட் கருகிப்போனது. அதற்காக மனிதர் எங்கள் இருவரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. சாப்பிடும்போதுகூடச் சுவரைப் பார்த்தே சாப்பிட்டாராம்.

அக்கா துருவை ஆசிட்டில் எடுத்து, சோடா உப்புத் தண்ணீரில் அலசி, வெந்நீர் விட்டு, சூடான காற்றடித்துக் காயவைத்தாள். உள்ளே வெறும் தகரம் வெள்ளையாகத் தெரிந்தது.

டீச்சர் வந்தபோது பளபளா முந்திக்கொண்டார். கருகிய இடத்துக்குப் புதுப் பெயிண்ட் அடித்து, கோட்டையும் தொட்டுவிட்டிருந்தார். அதைக் காட்டக் குனிந்தார்.

"கொஞ்சம் நகருங்கண்ணே, வெளிச்சம் மறைக்குது" என்று சொல்லி, டீச்சர் டேங்க் மூடியைத் திறந்து டார்ச்சை உள்ளே அடித்தார். வெகுநேரம் பார்த்தார். "மறுபடி உள்ள எதாவது ஊத்தணுமாக்கா?"

"ஒண்ணும் வேணாம். எப்பவும் பெட்ரோல ரொப்பி வச்சுக்கோங்க. துரு வராது."

டீச்சர் சும்மா இருக்கவில்லை. கண்டவரிடமெல்லாம் சொன்னார். பளபளாவிடம் வண்டியைச் சரிசெய்து வாங்கியவர்கள் ஒவ்வொருவராகத் தத்தம் டேங்க்குக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, அவரைத் தாண்டிக்கொண்டு பின்பக்கம் வர ஆரம்பித்தார்கள். வேறு மனிதனாக இருந்தால் வெட்கத்தில் கடையை மூடியிருப்பான். இவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "உள்வேலைக்குன்னு தனி டிபார்ட்மெண்ட் வச்சிருக்கேன். வீட்டம்மாவுக்கு நான்தான் ட்ரெயினிங் குடுத்தேன்" என்று வருகிறவர்களிடம் பூசி மெழுகினார்.

தடுப்புக்கு இந்தப் பக்கம் அதைக் கேட்டு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எப்படிக்கா இவரப் பொறுத்துக்கற? ஒருநாளாவது உரிச்சு எடுக்கவேண்டாமா?" என்று கேட்டேன்.

"உரிக்கலாம்டா" என்றாள் அக்கா, நட்டுகளைக் கழுவிக்கொண்டே. "உள்ள தகரமாவது இருக்கணுமே."

பின்புறத்துக்கு இப்போது கூரை போட்டாகிவிட்டது. அக்கா சலவைக்கூட வேலையை விட்டுவிட்டாள். பளபளாவின் அலமாரியிலிருந்த பூச்சு டப்பாக்களை எல்லாம் அவளே எடுத்து, கடைக்காரனிடம் திருப்பிக் கொடுத்தாள். அவள் உரித்துக் கொடுக்கிற டேங்க்குகளுக்கு அவர் கோடு இழுக்கிறார். கோடு என்னவோ இன்றைக்கும் நேராகத்தான் இருக்கிறது.