‘பிரைட்’: மூன்றாம் பொருள்

தெருவில் யாராவது யாரையாவது ‘அகராதி பிடித்தவனே’ என்று திட்டினால் அவர் திரும்பிப் பார்ப்பார். தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்ற நினைப்பு. முப்பத்தெட்டு வருஷமாக அகராதி வேலை பார்ப்பவருக்கு வீட்டிலும் வெளியிலும் அகராதி என்றே பெயர் நிலைத்துவிட்டது. அதற்காக அவர் கோபப்பட்டதில்லை. வாழ்க்கையில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான், அதையும் ஊர் வசவாக்கி வைத்திருக்கிறது என்று தானே சொல்லிச் சிரிப்பார்.

அலுவலகம் ஓர் அச்சகத்தின் மாடியில் இருந்தது. முன்னறையில் நான்கு மேசைகள். பின்னறைச் சுவர் முழுக்க மர இழுப்பறைகள், அவற்றுக்குள் உள்ளங்கை அகல அட்டைச் சீட்டுகள். நம் பேச்சில் கலந்துவிட்ட ஆங்கிலச் சொற்களுக்கு அங்கே ஒரு பள்ளி அகராதி தயாராகிக்கொண்டிருந்தது. நிறுவனத்தை நடத்திய ஆசிரியர் அம்மா ஒரு சட்டம் வைத்திருந்தார். எடுத்துக்காட்டு வாக்கியத்தை யாரும் கற்பனையாக எழுதக் கூடாது. உயிருள்ள மனிதர் ஒருவர் அதை வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னது யார், எங்கே, என்றைக்கு என்பதெல்லாம் சீட்டில் இருக்க வேண்டும்.

இப்படி ஒரு சட்டம் இருந்தால் மனிதன் உருப்படுவானா? அங்கே வேலை செய்தவர்கள் பஸ்ஸிலும் சலூனிலும் காதைத் தீட்டிக்கொண்டு அலைந்தார்கள். பக்கத்து வீட்டில் சண்டை என்றால் விலக்கிவிடப் போகாமல் பேனாவைத் தேடினார்கள். அதில் நம்மவர் ஒரு படி மேல். மனைவிக்குப் பிரசவ வலி கண்டபோது டாக்சிக்காரர் சொன்ன ‘டென்ஷன் ஆகாதீங்க சார்’ என்பதை ஆஸ்பத்திரி வாசலில் நின்று எழுதிவிட்டுத்தான் உள்ளே போனார். மனைவி அதை இன்றுவரை மறக்கவில்லை, மறக்க விடுவதுமில்லை.

முதல் பதிப்பில் ‘பிரைட்’ இவர் பங்குக்கு வந்தது. மூன்று பொருள். வெளிச்சம் என்ற முதல் பொருளுக்கு, பல்பு மாற்றிய அன்று மனைவி சொன்னது கிடைத்தது. எடுப்பான நிறம் என்ற இரண்டாம் பொருளுக்குத் துணிக்கடைக்காரர் கைகொடுத்தார். புத்திசாலி என்ற மூன்றாம் பொருளுக்குத்தான் சீட்டே இல்லை. ஒரு வாரம் அலைந்தும் ஊரில் ஒருத்தரும் ஒருத்தரைப் புத்திசாலி என்று சொல்லவில்லை. அச்சுக்குப் போக வேண்டிய நாளும் வந்துவிட்டது. மனிதர் டீக்கடையில் எதிரே உட்கார்ந்திருந்த சக ஊழியரைப் பார்த்துத் தானே சொன்னார்: “என் பெரிய பொண்ணு ரொம்ப பிரைட். சின்னவ அப்படி இல்லை.” எதிரே இருந்தவர் வடையைக் கடித்தபடி தலையாட்டினார். சொன்னவர், ஒரு தகப்பன். இடம், டீக்கடை. சட்டப்படி ஒரு குறையும் இல்லாத சீட்டு. தன் சாமர்த்தியத்தை எண்ணி அன்றைக்கு இன்னொரு டீயும் குடித்தார்.

இதெல்லாம் நடந்து இருபத்து மூன்று வருஷமாகிறது. இப்போது இரண்டாம் பதிப்பு வருகிறது. திங்கட்கிழமை காலை புரூஃப் மேசைக்கு வந்தது. நிறுத்தற்குறி பார்த்துக்கொண்டே போனவர் அந்த வரியில் நின்றார். எத்தனையோ தடவை பார்த்த வரிதான். ஆனால் போன வாரம்தான் சின்ன மகள் போனில் சொல்லியிருந்தாள், அவள் பெண்ணுடைய பள்ளியில் இந்த வருஷம் எல்லாப் பிள்ளைகளுக்கும் தாத்தாவின் அகராதியைத்தான் வாங்கப்போகிறார்களாம். பத்து வயதுப் பேத்தி இந்தப் பக்கத்தைத் திறப்பாள். தன் அம்மாவைப் பற்றித் தாத்தா எழுதியதைப் படிப்பாள்.

வெள்ளிக்கிழமை புரூஃப் திரும்ப வேண்டும். அதற்குள் வேறு வாக்கியம் வேண்டும். சின்ன மகளையே யாராவது பிரைட் என்று சொல்லிவிட்டால் பழைய பாவமும் கழியும், சீட்டும் ஆயிற்று என்று கணக்குப் போட்டார். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறோம் என்று தெரிந்தேதான் கிளம்பினார்.

மனைவியிடம் தூண்டில் போட்டார். சின்னவளுக்கு என்ன, நல்ல கைமணம், குழம்பு வைத்தால் என்னைவிட நன்றாக வைப்பாள் என்றார் மனைவி. பெரியவளுக்குப் போன் போட்டார். தங்கை மாதிரிப் பொறுமை யாருக்கும் வராது என்றாள் அவள். சின்ன மருமகனிடம் கேட்டதற்கு, மாமா, எதற்குச் சுற்றி வளைக்கிறீர்கள், அவள் ஏதாவது புகார் சொன்னாளா என்று அவர் பயந்துபோனார். பொறுமை, கைமணம், நல்ல மனசு எல்லாம் வந்தன. அந்த ஒரு சொல் மட்டும் வரவில்லை. அதை அவளோடு சேர்த்துச் சொல்ல அந்த வீட்டில் ஒருவருக்கும் வாய் பழகியிருக்கவில்லை. அதற்கு யார் காரணம் என்று கண்டுபிடிக்க அகராதி புரட்ட வேண்டியதில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் பஸ் டிப்போவுக்கே போனார். மகள் அங்கே ஏதோ கிளார்க் என்பதுதான் அவருக்குத் தெரிந்தது. போய்ப் பார்த்தால் ஒரு சுவர் நீளத்துக்குத் தாள் ஒட்டியிருந்தது, அதில் நூற்று நாற்பது பஸ்களுக்கும் வண்ண வண்ணக் கோடுகள். எந்த பஸ் எங்கே புறப்படும், எந்த டிரைவர் எப்போது சாப்பிடுவார் என்பதெல்லாம் அவள் போட்ட கணக்கு. அவர் உட்கார்வதற்குள் போன் வந்தது, பாலத்தருகே ஒரு பஸ் நின்றுவிட்டதாம். தாளை ஏறிட்டும் பார்க்காமல் மூன்று பஸ்களை இடம் மாற்றிச் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். இத்தனை வருஷமாக இவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லையே என்று அவருக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

விஷயத்தைத் தயங்கித் தயங்கிச் சொன்னார். முதல் பதிப்பில் அப்படி ஒரு வரி இருக்கிறது, அவள் பார்த்திருக்க மாட்டாள், இருந்தாலும் என்று இழுத்தார்.

“தெரியும்ப்பா,” என்றாள். “ஏழாவது படிக்கிறப்போ டீச்சர் கிளாஸ்லயே படிக்க வச்சாங்க. எழுதினது எங்கப்பான்னு எல்லாருக்கும் தெரியும்.”

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, அப்பா, பிரைட் என்றால் என்ன என்று அவரிடமே கேட்டாளாம். அவருக்கும் நினைவு வந்தது. நினைவு வராமலே போயிருக்கலாம். வார்த்தை என்றாலே ஓடுகிற பிள்ளை தானாக வந்து கேட்டதே என்ற பூரிப்பில் நாற்காலியை இழுத்துப் போட்டு ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்திருந்தார். கேட்ட பிள்ளையின் முகத்தைப் பார்க்கத் தோன்றவில்லை. மேதாவி!

“எல்லாம் ஞாபகம் இருக்கு,” என்று அவள் ஒப்பித்தாள். பழைய இங்கிலீஷில் ‘பெயோர்ட்’ என்கிற மாதிரி ஒரு சொல், பின்னால் ரகரம் இடம் மாறி முன்னே வந்து உட்கார்ந்துகொண்டது. ராபர்ட், ஆல்பர்ட் என்ற பெயர்களின் வாலில் இருப்பதும் அதே சொல்தான். முதலில் சூரியனுக்கும் நெருப்புக்கும் வாளுக்கும் சொன்னார்கள். ஆளின் மூளைக்குச் சொல்ல ஆரம்பித்தது முந்நூறு வருஷத்துக்குள்தான். ஒன்றுகூடப் பிசகவில்லை. அவரே ரகர விஷயத்தை மறந்துபோயிருந்தார்.

“அந்தக் கடைசி விஷயம் எனக்கு ஆறுதலா இருந்துச்சுப்பா. அதுக்கு முன்னாடி ஆயிரம் வருஷம் யாரும் யாரையும் அப்படிப் பிரிச்சுச் சொல்லலைன்னு நெனச்சுக்கிட்டேன்.”

சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்பார்கள். இவர் கொட்டியதோடு நிற்காமல் பதினைந்தாயிரம் பிரதி அச்சடித்தும் விற்றிருந்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது. கண் கலங்கியது. நான் மனசார அதைச் சொல்லவில்லையம்மா, சீட்டு நிரம்ப வேண்டுமே என்று வாயில் வந்ததைச் சொன்னேன் என்றார்.

“அது எனக்குத் தெரியாதுல்ல?” என்றாள். குரலில் கோபமே இல்லை. அதுதான் அவரை உலுக்கியது.

“நீ ரொம்ப பிரைட்டும்மா,” என்றார்.

அவள் அவருடைய முகத்தைப் பார்த்தாள். பிறகு சீட்டும் பேனாவும் துருத்திக்கொண்டிருந்த சட்டைப்பையைப் பார்த்தாள்.

“இதுவும் சீட்டுக்காப்பா?”

இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். வரவில்லை. உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை. மறுபடி போன் அடித்தது, அவள் பஸ்களிடம் திரும்பினாள். அவர் இன்னும் ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்து, எந்தக் கோடு எந்த பஸ் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். ஒன்றையும் எழுதிக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை புரூஃபைப் பார்த்த ஆசிரியர் அம்மா அவரைக் கூப்பிட்டார். மூன்றாம் பொருளுக்கு நேரே இருந்த வரியை அடித்திருந்தது, வேறு எதுவும் எழுதியிருக்கவில்லை. முப்பத்தெட்டு வருஷ சர்வீஸில் ஒரு வாக்கியம் கிடைக்கவில்லையா என்று கேட்டார்.

“கிடைச்சுது மேடம். நேத்துதான் ஒருத்தர் சொன்னார்.”

“அப்புறம் என்ன? போட வேண்டியதுதானே?”

“முன்னாடி சொன்னதும் அதே ஆள்தான், மேடம்,” என்றார் அகராதி. “அந்த ஆளை நம்பி இன்னொரு தடவை அச்சடிக்க முடியாது.”