பழைய ஸ்கிராப் புக் - ஒன்று

நான் வரலாறு படித்தவள். பி.ஏ., முதல் வகுப்பு. அதை வைத்துக்கொண்டு கும்மிடிப்பூண்டியில் குப்பை பொறுக்குகிறேன். சரியாகச் சொன்னால், பொறுக்குகிறவர்களை மேய்க்கிறேன். வெளிநாட்டுப் பழைய காகிதத்தைக் கூழாக்கி அட்டை செய்கிற மில் எங்களுடையது. கப்பலில் வரும் காகிதம் கம்பி போட்டு இறுக்கிய பேல்களாக ஷெட்டில் இறங்கும். கம்பியை வெட்டி, அனுப்பிய நாட்டின் பெயரோடு பேலில் தொங்கும் டேக்கைக் கிழித்துப் பெட்டியில் போட்டுவிட்டு, காகிதத்தை பெல்ட்டில் பரப்ப வேண்டும். இரண்டு பக்கமும் நிற்கும் பெண்கள் பிளாஸ்டிக், துணி, கம்பி எல்லாவற்றையும் பொறுக்கி எறிவார்கள். மிச்சம் பல்பருக்குள் விழும். பல்பர் என்றால் கிணறு அகலத்துக்கு ஒரு தொட்டி. உள்ளே போன காகிதம் சில நிமிஷத்தில் கஞ்சியாகிவிடும். அப்பா பிறர் நிலத்தில் ஏர் ஓட்டியவர். மகளைப் படிக்க வைத்தால் நாற்காலியில் உட்காருவாள் என்று நம்பினார். நாற்காலி கொடுத்திருக்கிறார்கள். அதை இந்த ஷெட்டுக்குள் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

டேக் கிழிப்பது அக்காவின் வேலை. ஆங்கிலம் தெரியாவிட்டாலும் எந்த நாட்டு டேக் என்று பார்த்ததும் சொல்லிவிடுவாள். சொந்த அக்கா இல்லை. என்னைவிட நாலு வயது மூத்தவள். அத்திப்பட்டில் ஒரே பிளாட்பாரத்தில் ஏறி, ஒரே லோக்கல் ரயிலில் வந்துபோய் அக்கா ஆனவள். அவள் வீட்டுக்காரர் வளைகுடாவில் கட்டட வேலைக்குப் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. நடுவில் ஒரே ஒரு தடவை, மகள் பெரியவளானபோது வந்து பத்து நாள் இருந்தார். "அடுத்த தீபாவளிக்கு கண்டிப்பா வந்துடறேன்னு சொல்லிக்கீறாரு" என்று ரயிலில் சொல்வாள். எந்த தீபாவளி என்று கேட்க நாக்கு துடிக்கும். கேட்டதில்லை.

ஒரு நாள் நாஷ்டா நேரத்துக்குச் சற்று முன்பு அவள் கை தூக்கினாள். பெல்ட்டை நிறுத்திவிட்டுப் போனேன். அப்போதுதான் வெட்டிய பேலிலிருந்து தடித்த அட்டை போட்ட புத்தகம் ஒன்றை எடுத்து வைத்திருந்தாள். ஷூ லேஸால் கட்டியிருந்தது. முதல் பக்கத்தில் கைக்குழந்தையோடு ஒரு பெண்ணின் புகைப்படம். அடுத்தடுத்து சிகரெட் பெட்டியின் மேல்தாள், காய்ந்த இலை, பத்திரிகைத் துண்டுகள், பென்சிலில் வரைந்த முள்வேலி, வரிசையாகக் கொட்டகைகள், உருளைக்கிழங்கு தோண்டும் ஆட்கள். நடுவே கடிதம் எழுதும் தாள் ஒன்று. அதன் தலைப்பில் யுத்தக் கைதி என்று ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் அச்சிட்டிருந்தது. மூன்று வருஷம் படித்ததற்கு முதல்முதலாக ஒரு பயன் கிடைத்துவிட்டது.

"இன்னாம்மா இது, கல்யாண ஆல்பமா?" என்றாள் அக்கா.

"இல்லக்கா. ஒரு ஜெர்மன் சிப்பாய் ஒட்டி வெச்ச புக்கு. ரெண்டாவது உலகப் போர்ல புடிச்சினு போய் கேம்ப்ல போட்டுட்டாங்க. அங்க குந்திக்கினு ஒட்டிக்கீறான்."

"கேம்ப்லியா?" அவள் முகம் மாறிவிட்டது. "எங்க ஊட்டுக்காரரும் கேம்ப்லதான கீறாரு."

வளைகுடாவில் தொழிலாளிகளைத் தங்க வைக்கும் இடத்துக்குப் பெயர் கேம்ப். எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் அந்த ஒரு அர்த்தம்தான் தெரியும். அந்த கேம்ப் வேறு, இந்த கேம்ப் வேறு, இங்கே வேலி உண்டு, காவல் உண்டு என்று பாடம் எடுத்தேன். பொறுமையாகக் கேட்டாள்.

"அங்கியும்தான் வேலி கீது. பாஸ்போர்ட்ட கம்பெனி எத்து வெச்சிக்கினு கீது. அப்புறம் இன்னா வேற?"

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். புத்தகத்தை என் மேஜை டிராயரில் வைத்துவிட்டு பெல்ட்டை ஓடவிட்டேன்.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே கேள்விதான். "இவன் ஊட்டுக்குப் போய்ச் சேந்தானா, இல்லியா?" ரயிலில் கேட்பாள், கை கழுவும்போது கேட்பாள். தினம் என் மேஜை டிராயரைத் திறக்கச் சொல்லி அந்தக் குழந்தையைப் பார்த்துவிட்டுப் போவாள். எழுத்தெல்லாம் ஜெர்மன், அதுவும் பழைய சாய்வெழுத்து. போட்டோ எடுத்து யாரையாவது கேட்கலாம் என்றால், போன்களை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஆனால் அட்டை உலர்த்தும் மிஷினைப் பழுது பார்க்க அடுத்த வாரம் ஜெர்மன் என்ஜினியர் ஒருவர் வருவதாக இருந்தது. "அவர்கிட்ட காட்டிடலாம்கா. கடைசிப் பக்கத்தப் படிச்சா தெரிஞ்சிடும்" என்றேன். பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவள் மாதிரி நாள் எண்ண ஆரம்பித்தாள்.

நானும் ஒரு வாரம் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. எனக்கு ஆசை பிடித்துக்கொண்டது. புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போய், என் கல்லூரிப் பேராசிரியரிடம் காட்டி, பத்திரிகையில் வரவைத்து, "வரலாற்றுப் பட்டதாரி கண்டெடுத்த அரிய ஆவணம்" என்று போட்டோவோடு பார்க்க வேண்டும். எந்தப் புடவை கட்டுவது என்பதுவரை யோசித்துவிட்டேன். இதை எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது.

மில்லிலிருந்து ஒரு துண்டுத் தாள் வெளியே போவதானாலும் கேட் பாஸ் வேண்டும். அந்தப் படிவத்தில் பொருளின் பெயர் என்ற இடத்தில் "பழைய நோட்டு" என்று எழுதியிருந்தால் போதும். "ஆல்பம்" என்றாவது எழுதியிருக்கலாம். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே. இப்படி ஒட்டி வைக்கும் புத்தகத்துக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர் என்று தெரிந்த ஒரே ஆள் அந்த ஷெட்டில் நான்தானே. ஆங்கிலத்தில், அழகான கையெழுத்தில், "பழைய ஸ்கிராப் புக் - ஒன்று" என்று எழுதி, புத்தகத்தையும் ஸ்டோர்ஸில் ஒப்படைத்தேன். சாயங்காலம் கையெழுத்தானதும் எடுத்துக்கொள்ளலாம் என்றார் ஸ்டோர்ஸ்காரர்.

சாயங்காலம் போனால் படிவம் மட்டும் இருந்தது. குறுக்கே சிவப்புக் கோடு.

"புக்கு எங்க சார்?"

"பல்பருக்கு அனுப்பியாச்சே. ஸ்கிராப்புன்னு நீயே எழுதிக்கீற. ஸ்கிராப்பு வெளிய போவாதும்மா, உள்ளதான் போவும். ரூலு தெரியாதா உனுக்கு?"

அவர் மேல் தப்பில்லை. கும்மிடிப்பூண்டியில் ஸ்கிராப் என்றால் என்னவென்று டீக்கடைக்காரருக்கும் தெரியும். பாதி ஊர் அந்த வார்த்தையில்தான் சோறு தின்கிறது. இரும்பாக இருந்தால் உலைக்கு, காகிதமாக இருந்தால் தொட்டிக்கு. என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன். என் தலையோடு போயிருந்தாலும் பரவாயில்லை.

அக்காவிடம் மறைக்க முடியவில்லை. சொன்னேன். அவள் கத்தவில்லை.

"படிச்சவதான நீ? இன்னா எழுதறோம்னு தெரிய வேணாம்?" என்றாள். அதன் பிறகு ரயிலில் வேறு பெட்டியில் ஏறிக்கொண்டாள். ஐந்து நாள் தனியாகப் போய்வந்தேன். அந்த ஐந்து நாளில் என்னை நான் திட்டிக்கொண்ட மாதிரி வேறு யாரும் திட்டியதில்லை.

ஜெர்மன் என்ஜினியர் வந்தார். டீ நேரத்தில் அவர் எங்கள் ஷெட் வழியாகப் போனபோது, அக்கா தன் டிபன் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து என்னிடம் நீட்டினாள். உள்ளே ஒற்றைத் தாள்.

"கடைசித் தாளு. கம்பி வெட்டும்போதே கழண்டு வந்துச்சி. திருடல. சும்மா ஊட்ல வெச்சி பாத்துக்கினு இருந்தேன்."

கேட் சோதனையைத் தாண்டிக் கொண்டுபோய்த் திரும்பவும் கொண்டுவந்திருக்கிறாள். பிடிபட்டிருந்தால் அன்றே வேலை போயிருக்கும்.

என்ஜினியரை நிறுத்தி, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொன்னேன். நல்ல மனிதர். தாளை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு தட்டுத்தடுமாறிப் படித்தார். நாலே வரிதான். மழை பெய்கிறது. கேம்ப்பை இன்று மூடிவிட்டார்கள். ஊருக்குப் போகிறவர்கள் லாரியில் ஏறினார்கள். கையசைத்தார்கள். அதற்கு மேல் இல்லை என்று சொல்லி, தாளைக் கொடுத்துவிட்டுப் போனார்.

எனக்கு ஒரே ஆனந்தம். செய்த பாவம் கழிந்துவிட்ட மாதிரி இருந்தது. "பாத்தியாக்கா, கேம்ப்ப மூடிட்டாங்க. எல்லாம் லாரி ஏறி ஊட்டுக்குப் போயிட்டாங்க!"

அக்கா தாளைத் திருப்பினாள். "இந்தப் பக்கம் இன்னா எழுதிக்கீது?"

அது ஆங்கிலம். வேறு கையெழுத்து, மையில் எழுதியது. "கடைக்குப் போற லிஸ்டுக்கா. ரொட்டி, முட்டை, நீலக் கம்பளி நூலு ரெண்டு, கொழந்தைக்கு இருமல் மருந்து."

"பொம்பள எழுத்து."

"ஆமா."

"அந்த பேலுக்கு டேக்கு கிழிச்சது நானு. இன்னா ஊரு தெரியுமா? இங்கிலாந்து." என் முகத்தைப் பார்த்தாள். "லாரி ஏறினவன் பொண்டாட்டி போட்டோவ உட்டுட்டா போவான்? அவன் ஏறல. நின்னுக்கினு கை காட்டிக்கீறான். அங்கியே ஒருத்திகூட குடும்பமாயிட்டான்."

முதல் வகுப்பில் தேறிய எனக்கு இது தோன்றவே இல்லை. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "எல்லாரும் அப்படி இல்லக்கா" என்றேன்.

"எங்க ஊட்டுக்காரரு கேம்ப்ப உட்டு ரெண்டு வருசமாச்சு. பாஸ்போர்ட்டும் கைக்கு வந்துடுச்சாம். வெளிய ரூம் எத்துக்கீறேன்னாரு. நான்தான் உங்கிட்டல்லாம் கேம்ப்லயே கீறாருன்னு சொல்லிக்கினு இருந்தேன். போன வாரம் போன்ல பின்னால ஒரு கொழந்த இருமுது. பக்கத்து ரூமுன்னாரு."

டீ நேரம் முடிந்து மணி அடித்தது. பெல்ட்டை ஓடவிட்டேன். அவள் தன் இடத்துக்குப் போய் நின்றுகொண்டு, அந்தத் தாளை மற்றத் தாள்களோடு பெல்ட்டில் வைத்தாள்.

"நீ கரெக்டாதான் எழுதினம்மா. ஸ்கிராப்புதான் அது."

பெல்ட்டை நிறுத்தும் சிவப்புப் பொத்தான் என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் அழுத்தவில்லை. அழுத்தி எடுத்து, அதை யாரிடம் கொடுப்பது?