வெள்ளி கறுக்கும் காரணங்கள்

வெள்ளிக்குப் பாலீஷ் போடுகிறவன் முகத்தை யாரும் பார்ப்பதில்லை; பாத்திரத்தில் தங்கள் முகம் தெரிகிறதா என்றுதான் பார்ப்பார்கள். தி.நகர் கடை ஒன்றில் பன்னிரண்டு வருடமாக, மாலை ஆறிலிருந்து விடியும்வரை எனக்கு இதே பிழைப்பு. வாடிக்கையாளரிடம் பேசும் முன்மேஜை காலியானபோது, எனக்கா, மூன்று மாதம் முன்பு சேர்ந்த சலீம் பாய்க்கா என்று முதலாளி யோசிக்க ஆரம்பித்தார். உங்களுக்கும் ஒரு சலீம் பாய் வாய்த்திருப்பார், புரியும்.

கால்வாய்க் காற்று

ஒரு நாள் கடை மூடும் நேரத்தில் மயிலாப்பூர் மாமி ஒருவர் கறுத்துப்போன வெள்ளிக் குத்துவிளக்கோடு வந்து, கலப்படம் என்று சண்டை பிடித்தார். பழைய புத்தகக் கடையில் வாங்கிப் படித்ததையெல்லாம் கொட்டினேன்: காற்றிலிருக்கும் கந்தகம் வெள்ளியோடு சேர்ந்தால் வெள்ளி சல்ஃபைடு, தண்ணீரில் கரையாது, பூமிக்குள் தாதுவாகக் கிடைப்பதும் இதே கறுப்புதான். மாமி கொட்டாவி விட்டார்.

சலீம் பாய் எட்டிப் பார்த்து, "உங்க வீட்டாண்ட கால்வாய் நாறுதுல்ல மாமி, அந்தக் காத்துதான்" என்றார். மாமி என் பக்கம் திரும்பி, "இப்படிச் சொன்னா புரியறதோன்னோ!"

ஆப்பசோடா

நான் பவுடர் போட்டுத் தேய்ப்பவன். கறுப்போடு கொஞ்சம் வெள்ளியும் போகும். சலீம் பாய் வெந்நீரில் ஆப்பசோடா கலந்து, அலுமினியத் தாள்மேல் கொலுசைப் போடுவார். லேசாக அழுகிய முட்டை வாடை வரும். கந்தகம் அலுமினியத்தோடு போய்விட, வெள்ளி வெள்ளியாகவே திரும்பும். இதுவும் நான் படித்ததுதான். செய்து பார்க்கத் தோன்றவில்லையே என்றுதான் வயிறு எரிந்தது.

மனைவியின் கொலுசை வாங்க வந்த ஆட்டோக்காரர் சொன்னார்: "இன்னா நைனா, நீ தேய்ச்சா இளைச்சிப் பூடுது, பாய் போட்டா மினுக்கிக்கினு வருது!"

ரப்பர் பேண்டு

ஒரு கல்யாண ஆர்டர். வெள்ளித் தம்ளர்களைக் கட்ட நூல் தீர்ந்துவிட்டது. "அண்ணே, ரப்பர் பேண்டு இருக்கா?" என்றார் சலீம் பாய். ரப்பரில் கந்தகம் உண்டு, பட்ட இடமெல்லாம் கறுக்கும். அது எனக்குத் தெரியும். இருந்தும் ஒரு பாக்கெட்டையே எடுத்துக் கொடுத்தேன்.

சில நாள் கழித்துப் பிரித்தால், தம்ளருக்கு ஒரு கறுப்புக் கோடு. முதலாளி குதித்தார். "நான்தான் கட்டினேன்" என்றார் சலீம் பாய். "பக்கத்துல இருந்தவருக்குமா தெரியல?" என்று முதலாளி என்னைப் பார்க்க, சலீம் பாய் முந்திக்கொண்டார்: "அண்ணனுக்குத் தெரிஞ்சிருந்தா சொல்லாம இருப்பாரா முதலாளி? அவரு படிச்சவரு."

முன்மேஜை எனக்கே கிடைத்தது, அதில் உட்கார்ந்துகொண்டு வருகிறவர்களிடமெல்லாம் நான் சொல்வது, "அதை பாய்கிட்ட கொடுத்துடுங்க."