மாசி மழையும் பதினான்கு நாள் லீவும்

ஒரே மலையில் இரண்டு எசமானர்களிடம் வேலை பார்த்திருக்கிறேன். ஒருவர் என்னைத் தொண்டன் என்றார். இன்னொருவர் தற்காலிகக் களப் பதிவாளர் என்றார். என் மனைவிக்குப் பேறுகாலம் என்ற செய்தி மட்டும் இரண்டு பேருக்குமே விளங்கவில்லை. மீசை நரைத்துவிட்டது, இன்னும் இதை எழுத உட்கார்ந்தால் உள்ளங்கை சூடேறுகிறது. எத்தனை தடவை எழுதிக் கிழித்தேன் என்று கேட்காதீர்கள்.

முதலில் சேவைச் சங்கம். அந்த மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு என்பார்கள். பெரக்கரை நாட்டில், பலா மரங்களுக்கு நடுவே ஓர் ஓட்டுக் கட்டடம். விடியலில் பிரார்த்தனை, அப்புறம் நூற்பு, பகலில் பிள்ளைகளுக்குப் பள்ளி, சாயங்காலம் பெரியவர்களுக்கு எழுத்து வகுப்பு. நடுவில் மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு காய்ச்சல் கண்ட வீடுகளுக்கு ஏறி இறங்க வேண்டும். என் வேலை எது என்றால் எல்லாமும். எப்போது முடியும் என்று யாரும் கேட்டதில்லை. கேட்பது அங்கே வெட்கக்கேடு.

சங்கத்தை நடத்தியவரை ஐயா என்போம். நல்ல மனிதர். அதுதான் தொல்லை. கெட்டவராக இருந்தால் நின்று சண்டை போடலாம். நல்லவரிடம் தோற்றுத்தான் போக வேண்டும்.

அவர் நூற்றுக்கொண்டிருந்த ஒரு காலையில் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“ஐயா, ஊர்ல தலைப்பிரசவமுங்க. பத்து நாள் போயிட்டு வந்தர்றேன்.”

இழை அறவில்லை. “இந்த மாசம் இந்த மலையில எத்தனை பிரசவம் தம்பி?”

“தெரியலீங்க.”

“ஒவ்வொண்ணும் நம்ம வீட்டுப் பிரசவம். உன் மனசாட்சியைக் கேட்டுக்கோ. அது போகச் சொன்னா போ. நான் தடுக்கவே மாட்டேன்.”

அவர் தடுக்கவில்லை. நான் போகவில்லை. என் மனசாட்சியும் அதற்குள் சங்கத்து ஆளாகியிருந்தது.

காய்ச்சல் காலம் ஓய்ந்து, மலை இறங்கிப் பேளுக்குறிச்சியில் மாமனார் வீட்டு வாசலை மிதித்தபோது குழந்தைக்கு நாற்பது நாள். மனைவி என்னைப் பார்க்கவில்லை. தொட்டிலைப் பார்த்துப் பேசினாள்.

“எந்திரி கண்ணு. யாரு வந்திருக்காங்க பாரு. மலையில இருந்து வாத்தியாரு வந்திருக்காரு. கும்புடு போடு.”

அன்று நான் கிளம்பும்போது வாசல்வரை வந்தாள். “அடுத்ததுக்கும் இப்படித்தான் வருவீங்கன்னா இப்பவே சொல்லீருங்க. நான் மனசத் தேத்திக்கறேன்.”

“பொறக்கறப்ப இருப்பேன்” என்றேன்.

“மலை மேல நின்னுக்கிட்டா?”

“இங்கதான். இதே ஊட்டுல.”

அவள் நம்பியதாகத் தெரியவில்லை. அந்த ஒரு வாக்குக்காகத்தான் சங்கத்தை விட்டேன். வேறு பெரிய கொள்கைக் காரணம் எதுவும் இல்லை. இருப்பதாகச் சில வருடம் எல்லாரிடமும் சொல்லித் திரிந்தேன்.

அதே மலையில், திருப்புலி நாட்டில் தானிய ஆராய்ச்சிப் பண்ணை ஒன்று வந்திருந்தது. ராகியையும் சாமையையும் வகை வகையாகப் பாத்தி பிரித்து விதைத்து, எது எப்படி விளைகிறது என்று பார்ப்பார்கள். ஆள் வேண்டுமென்றார்கள், சேர்ந்துவிட்டேன். முதல் நாளே அச்சடித்த விதிப் புத்தகம் ஒன்றைக் கொடுத்தார்கள். அதில் லீவுக்கென்று ஒரு பக்கம் தனியாக இருந்தது. இன்ன காரணத்துக்கு இத்தனை நாள் என்று வரி வரியாக. மலைக்காற்றில் அந்தத் தாள் படபடக்க, அதை நான் பாட்டுப் போலப் படித்தேன். இங்கே என் மனசாட்சியை யாரும் கேட்கப் போவதில்லை. விண்ணப்பம் எழுதினால் போதும்!

அந்தச் சுகம் ஓர் ஆண்டு இருந்தது. சாயங்காலம் வேலை முடிந்தால் முடிந்ததுதான். நல்லவனாக இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆனால் சங்கத்தில் நான் இருமினால் கஷாயத்தோடு மூன்று பேர் வருவார்கள். இங்கே நான்கு நாள் காய்ச்சலில் சுருண்டு கிடந்தபோது அதிகாரியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது: ஏழாம் பாத்தியின் பயிர் உயரம் ஏன் விடுபட்டது? களை எடுக்க வந்த பெண்களின் குடும்பக் கதையெல்லாம் எனக்கு முன்பே தெரியும். பதிவேட்டில் அவர்களை ‘ஆள்’ என்றுதான் எழுத வேண்டியிருந்தது. சாமைக் கதிருக்குக்கூட அங்கே தனி எண் உண்டு.

அங்கே ஒரு மழைமானியும் இருந்தது. மேலே புனல், உள்ளே புட்டி. தினமும் காலை எட்டரை மணிக்குப் புட்டியை எடுத்து, கோடு போட்ட அளவுக் கண்ணாடியில் தண்ணீரை ஊற்றிப் பார்த்து, அளவைத் தாளில் எழுத வேண்டும். மழை இல்லாவிட்டாலும் போய்ப் பார்த்துப் பூஜ்யம் எழுத வேண்டும். வாரத்துக்கு ஒரு தாள் தபால்காரரோடு கீழே போகும்.

இரண்டாவது பேறுகாலம் மாசியில் என்றார்கள். இரண்டு மாதம் முன்னாலேயே, விதியின் எண்ணைக் குறிப்பிட்டு, அழகான கையெழுத்தில் பதினான்கு நாள் லீவு கேட்டு எழுதினேன். விண்ணப்பம் சிவப்புப் பென்சில் குறிப்போடு திரும்பி வந்தது. ‘விதிப்படி லீவு உண்டு. மழை அளக்க மாற்று ஆள் இல்லாததால் அனுமதிக்க இயலாது.’

மாசி மாதம். வெயிலில் பாறை வெடிக்கும் மாதம். இல்லாத மழையை அளக்க நான் அங்கே நின்றாக வேண்டும். அந்தத் தாளை எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியாது. உண்டு என்ற சொல்லும் இயலாது என்ற சொல்லும் அடுத்தடுத்த வரியில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு வெட்கமில்லாமல் உட்கார்ந்திருந்தன.

பண்ணைக்கு அடுத்த காடு ஒரு சாமை விவசாயியுடையது. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். சங்கத்துச் சாயங்கால வகுப்புக்கு நாடு தாண்டி நடந்து வந்து என்னிடம் எண் எழுதப் படித்தவர். அதனால் கடைசிவரை நான் அவருக்கு வாத்தியார்தான். அவரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். மழைமானியைச் சுற்றி வந்து பார்த்தார்.

“ஏனுங்க வாத்தியாரே, வானத்துத் தண்ணிய அளந்து என்ன பண்ணுவீங்க?”

“அளவை எழுதிக்கிட்டுக் கீழ ஊத்திருவோமுங்க.”

“கீழ ஊத்தறதுக்கா இத்தன பெரிய ஆபீசு? அது தானாவே கீழதானுங்களே வந்துச்சு!”

காட்டுக்குள்ளிருந்து அவர் மனைவி சத்தம் போட்டார். “அவரு பேச்சக் கேட்டு நிக்காதீங்க சாமி. போயிப் புள்ளயப் பாருங்க. நாங்க பாத்துக்கறோம்.”

முறையைச் சொல்லிக்கொடுத்தேன். அவரும் திருப்பிச் சொன்னார். “பொழுது அந்தப் பாறைக்கு மேல வந்ததும் தொறக்கோணும். புட்டிய எடுத்து ஊத்தோணும். கோட்டப் பாத்து எழுதோணும். தண்ணி இல்லீன்னா முட்டை போடோணும். புட்டிய வெச்சு மூடோணும். செரிங்களா?” நூற்றுக்கு நூறு. என் வகுப்பில் அவர்தான் எப்போதும் கெட்டிக்காரர்.

இறங்கினேன்.

ஒன்பதாம் நாள் காலை வலி எடுத்தது. மருத்துவச்சி என்னை உள்ளே விடவில்லை. “ஆம்பளைக்கு இங்க என்னங்க வேல? போயி வெறகு பொளந்து போடுங்க.” பொளந்தேன். அடுப்புக்கு வேண்டியதைப் பொளந்து, அதற்கு மேலும் பொளந்தேன். தெருவே சமைக்கும் அளவுக்குச் சிராய் கிடந்தது. கோடரியை ஓங்கிய நேரத்தில் உள்ளே ஓர் அழுகை. ஈரமான, கோபமான, புத்தம் புதிய குரல். ஓங்கிய கை அப்படியே நின்றது. உள்ளே கூப்பிட்டபோது மனைவி களைத்த கண்ணைத் திறந்தாள்.

“இருக்கீங்களா?”

“இருக்கேன்.”

வாழ்க்கையில் நான் உருப்படியாகச் சொன்ன ஒரு சொல் அது.

பதினைந்தாம் நாள் மலை ஏறினேன். விவசாயி பெருமையோடு இரண்டாம் வாரத் தாளை நீட்டினார். பார்த்தேன். முட்டையே இல்லை. தினமும் ஓர் எண்.

“மழை பேஞ்சுதுங்களா?”

“எங்கீங்க? வெயிலு மண்டயப் பொளக்குது.”

“அப்ப இது?”

“புட்டியில இருந்துச்சு. அளந்தேன். எழுதுனேன். நீங்க சொன்னபடிதானுங்க.”

“எப்படி இருந்துச்சு?”

வகுப்பில் நான் அவரைப் பார்த்திருக்கக்கூடிய பார்வையை இப்போது அவர் என் மேல் வைத்தார். “நாந்தானுங்களே ஊத்தி வெச்சேன். மொத நாளு தொறந்தா பொட்டுத் தண்ணி இல்ல, முட்டை போட்டேன். அப்புறம் மனசு கேக்கல. அடுத்தவங்க ஏனம். வெறும் ஏனத்தத் திருப்பி வெக்கலாமுங்களா? அதும் புள்ள பொறக்கற நேரத்துல! தெனமும் அளந்து கொட்டிப்போட்டு, ஒரு கை தண்ணி ஊத்தி வெச்சேன்.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் தூக்குப்போசி அவர்கள் வீட்டுக்குப் போனால் ஒருநாளும் காலியாக வந்ததில்லை. நாலு மிளகாவது, ஒரு பிடி சாமையாவது உள்ளே கிடக்கும். பாத்திரத்தைக் காலியாகத் திருப்பித் தருவது இந்த மலையில் அந்த வீட்டைச் சபிப்பது மாதிரி. இவ்வளவு வருடம் அவர்களோடு இருந்தும், புட்டியைக் காலியாக வையுங்கள் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லையே!

“மொதத் தாளு எங்கீங்க?”

“அத அன்னைக்கே தபால்காரருகிட்டக் குடுத்துட்டேன். உங்களுக்கு ஒரு வேல மிச்சம்.”

மூன்றாம் நாள் அதிகாரி வந்துவிட்டார். சட்டை முதுகில் ஒட்ட, மூச்சு வாங்க, சிரித்துக்கொண்டு. அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். கையில் அந்தத் தாள்.

“கையெழுத்துதான் கொஞ்சம் கோணல்” என்றார். “மலை முழுக்கக் காய்ஞ்சு கிடக்கு. நம்ம பாத்திகிட்ட மட்டும் தினமும் தண்ணி. இது மழை இல்லை. மூடுபனி. பனி இறங்கிச் சேருது. இன்னும் மூணு மானி வைக்கணும். உங்க வேலையை நிரந்தரமாக்கச் சொல்லி இன்னைக்கே எழுதப் போறேன்.”

நிரந்தரம். நான் வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். தினமும் காலையில் ஒரு கை தண்ணீர். அவ்வளவுதான் அதன் விலை.

நின்றிருப்பேன். நேர்மைக்கு நான் அப்படியொன்றும் பேர் போனவன் இல்லை. ஆனால் அவர் கையிலிருந்த தாளையும் என் கையிலிருந்த தாளையும் பார்த்தேன். ஒன்பதாம் நாள் காலை எட்டரை மணிக்கு நான் இந்த மழைமானிக்குப் பக்கத்தில் நின்றேன் என்று தாள் சொன்னது. அந்த நேரத்தில் நான் பேளுக்குறிச்சியில் விறகு பொளந்துகொண்டிருந்தேன். வாழ்நாளில் ஒரே ஒரு காலை இருக்க வேண்டிய இடத்தில் இருந்திருக்கிறேன். அதையும் இவர்களுக்கு எழுதிக் கொடுத்துவிட முடியுமா?

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும்.

அவர் முகத்தில் மூடுபனி கலைவது தெரிந்தது. தாளை மடித்தார். “பிரசவம் பார்க்கிறது மருத்துவச்சி. நீங்க போயி என்ன செஞ்சீங்க?”

“விறகு பொளந்தேன் சார்.”

“கேலி பண்றீங்களா?”

“இல்லைங்க சார்.”

காகிதம் எடுத்துக் கொடுத்தார். பொறுப்பில்லாத ஓர் ஆளிடம் கருவியை ஒப்படைத்ததாக நான் எழுதித் தர வேண்டும். அப்படி எழுதினால் ஓர் எச்சரிக்கையோடு முடித்துவிடலாம் என்றார். அவரைப் பொறுத்தவரை அது பெரிய மனசுதான். பொறுப்பில்லாத ஆள்! பதினான்கு நாளும் பொழுது பாறைக்கு மேல் வரும்வரை காத்திருந்து, ஒரு கோடு தவறாமல் அளந்து எழுதியவர். அந்த இரண்டு தாள்களைப் போல ஒழுங்கான பதிவை நானே செய்ததில்லை.

“அவரு அளந்தது எல்லாம் சரி சார். எனக்குத்தான் சொல்லிக்கொடுக்கத் தெரியலை. அப்படின்னு வேணா எழுதறேன்.”

அப்படி எழுத அவர்களிடம் இடம் இல்லை. வேலை போயிற்று.

பெட்டியைத் தூக்கிக்கொண்டபோது விவசாயி காட்டு வேலியோரம் நின்றார். “என்னாலதானுங்களா? நான் வேண்ணா அவருகிட்ட வந்து சொல்லட்டுங்களா? ஊத்துனது நல்ல ஊத்துத் தண்ணிதான், குட்டைத் தண்ணி இல்லீன்னு?”

சிரித்தேன். இறங்கும் வழியெல்லாம் சிரிப்பு ஆத்திரமாக மாறிக்கொண்டே வந்தது. செய்தி கேட்டுச் சங்கத்து ஐயாவும் கடிதம் எழுதினார். ‘அங்கே மனிதனை எண்ணாகப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். கதவு திறந்தே இருக்கிறது. நாளையே வா. காய்ச்சல் காலம் வருகிறது.’ நாளையே! பதினெட்டு நாள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அதைப் படித்தேன்.

அப்புறம் சமவெளியில் ஒரு லாரி ஆபீஸில் எழுத்து வேலை கிடைத்தது. முதலாளிக்குச் சேவையும் தெரியாது, ஆராய்ச்சியும் தெரியாது. வாயைத் திறந்தால் வசவு. விதிப் புத்தகம் கிடையாது, லீவும் கிடையாது. மூன்றாவது பிறந்தபோது நான் கேட்கவே இல்லை. சொல்லாமல் போய், ஆறு நாள் கழித்து வந்து நின்றேன், சண்டைக்குத் தயாராக.

முதலாளி ரசீதிலிருந்து தலை நிமிர்ந்தார். விஷயம் எப்படியோ அவருக்குத் தெரிந்திருந்தது. “பையனா, புள்ளையா?”

மலை மேல் இத்தனை வருடத்தில் ஒருவர் வாயிலும் வராத கேள்வி. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வந்தது அழுகையும் கோபமும். இதைக் கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? இழை அறாமலே கேட்டிருக்கலாம். சிவப்புப் பென்சிலிலேயே எழுதியிருக்கலாம்.

“பையனுங்க” என்றேன்.

“செரி, செரி. போயி அந்த மஞ்ச லோடு எறங்கிருச்சான்னு பாருங்க. காலையில இருந்து ஒருத்தனும் திரும்பிப் பாக்கல.”

போய்ப் பார்த்தேன். இறங்கியிருக்கவில்லை.