ஆத்தாளுக்குப் போன கத்திரிக்காய்

அருப்புக்கோட்டையில் நான் மனையியல் படித்தபோது, வாரத்தில் ஒரு நாள் எங்களைக் கிராமத்துப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். பிள்ளைகளுக்குத் தோட்டம் போடச் சொல்லிக்கொடுக்க வேண்டும்; எதைத் தின்றால் என்ன சத்து என்று விளக்க வேண்டும். எனக்கும் என் தோழிக்கும் வாய்த்தது பரளச்சிப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளி. தோழிக்குச் சொந்த ஊர் மல்லாங்கிணறு, அவள் அப்பாவுக்கு அங்கே பலகாரக் கடை. எண்ணெய்ப் பலகாரத்தைக் குறைக்க வேண்டும் என்று அவள் பாடம் நடத்தும்போதெல்லாம் அவள் பையிலிருந்து காராச்சேவு மணக்கும். பிள்ளைகள் பாடத்தைக் கவனித்தார்களோ இல்லையோ, பையைக் கவனித்தார்கள். ஊருக்குத்தான் உபதேசம்.

எனக்கு அதற்கெல்லாம் சிரிப்பு வராது. நான் முன்கோபி, எடுத்த காரியத்தில் தோற்கவும் பிடிக்காது. அந்தப் பள்ளியில் எனக்கு வாய்த்த எதிரி கத்திரிக்காய். சத்துணவுச் சாம்பாரில் கிடக்கும் கத்திரிக்காயை ஒரு பிள்ளையும் தின்னாது. தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவைத்து, சாப்பிட்டு முடித்ததும் வேலிக்கு வெளியே காத்து நிற்கும் ஆடுகளுக்குப் போட்டுவிடுவார்கள். எங்கள் சத்துணவுப் பாடத்தால் அந்த ஊர் ஆடுகள்தான் நன்றாகத் தேறிவந்தன.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கிடந்த கரிசல் துண்டில் கத்திரி நட்டோம். "உன் செடி, உன் பொறுப்பு" என்று பிள்ளைக்கு ஒரு செடியாகப் பிரித்துக் கொடுத்தது என் யோசனை. தான் வளர்த்த காயைத் தானே தின்னும் என்று நினைத்தேன். சும்மா சொல்லக் கூடாது, பிள்ளைகள் பார்த்துப் பார்த்து வளர்த்தார்கள். தட்டு கழுவிய தண்ணீரைச் சிந்தாமல் கொண்டுபோய் ஊற்றினார்கள். முதல் பூ பூத்ததை நான் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்துப் பெருமையடித்துக்கொண்டேன்.

தலைமையாசிரியைக்கு அந்த இடத்தின்மேல் வேறு ஆசை இருந்தது. வெயிலில் காயும் ஸ்கூட்டர்களுக்கு அங்கே ஷெட் போட வேண்டும். காய் பிடித்த வாரம் எங்களைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, வர்ற வெள்ளிக்கெழம உங்க காயப் பறிச்சு சாம்பார் வைக்கச் சொல்றேன். பிள்ளைக தின்னாத் தோட்டம் இருக்கட்டும். அதையும் ஆட்டுக்குப் போட்டுச்சுகன்னா, செடியப் பிடுங்கிட்டு ஷெட்டப் போட்டுருவேன். வருத்தப்படக் கூடாது."

"சரிங்க டீச்சர்" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். பிள்ளைகளிடம் விஷயத்தைச் சொல்லி, வெள்ளிக்கிழமை வரை ஒருவரும் காயில் கைவைக்கக் கூடாது என்று மிரட்டியும் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் போய் இறங்கினோம். முள்வேலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால் செடி இருக்கிறது, காயைக் காணோம். ஒரு பிஞ்சுகூட இல்லை. வந்த கோபத்தில் பிள்ளைகளை எல்லாம் கூட்டி நிறுத்தினேன்.

"யாரு பறிச்சது?"

எல்லாக் கைகளும் மேலே போயின. அப்போதுதான் கவனித்தேன், எல்லா நெற்றியிலும் திருநீறு. முன்னால் நின்ற நாலாம் வகுப்புப் பெண்தான் வாயைத் திறந்தாள்.

"மொதக் காயி ஆத்தாளுக்குத்தானக்கா? குடுக்காமத் தின்னா சாமிக்குத்தம்ல?"

"அதுக்கு ஒரு காயக் குடுத்தாப் போதாதா?"

"அது இன்னொருத்தன் செடிக் காயில்ல? எஞ்செடி மொதக் காய நான்தானக்கா குடுக்கணும்?"

தோட்டம் பொதுவாக இருந்திருந்தால் ஆத்தாள் ஒரு காயோடு திருப்திப்பட்டிருப்பாள். பிரித்துக் கொடுத்தவள் நான். தோழிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"கத்திரிக்கா முத்துனாக் கடத்தெருவுக்கு வரும்பாக. இங்க கோயிலுக்குல்ல போயிருச்சு! ஏண்டி, உங்க வீட்டு முருங்கையில மொதக் காயி எங்க போச்சு?"

எங்கள் வீட்டிலும் கோயிலுக்குத்தான் போனது. அதை ஒத்துக்கொள்ளும் நிலையில் நான் இல்லை. பிள்ளைகளைக் கண்டபடி வைதுவிட்டு, கண்மாய்க்கரை அம்மன் கோயிலுக்கு ஓடினேன்.

ஆத்தாள் காலடியில் கத்திரிக்காய் குவிந்து கிடந்தது. பூசாரிக்கு முகமெல்லாம் சந்தோஷம். "விடியக்காலையில வரிசையா வந்து வச்சுச்சுகம்மா!" என்றார். தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். "ஆத்தா பாத்தாப் போதும்மா, திங்கவா போறா? கொண்டுபோய் ஆக்கிப் போடுங்க" என்று ஒரு மஞ்சள் பையில் அள்ளிப் போட்டு, மேலே ஒரு பிடி திருநீற்றையும் தூவிக் கொடுத்தார்.

மதியம் சாம்பார் வந்தது. தலைமையாசிரியை நாற்காலியைப் போட்டு எதிரே உட்கார்ந்துகொண்டார். ஆடுகளும் வழக்கமான இடத்தில் வந்து நின்றன. ஆனால் நான் கோயிலிலிருந்து பையோடு திரும்பியதைப் பிள்ளைகள் பார்த்திருந்தார்கள்; தட்டில் கிடப்பது இப்போது ஆத்தாள் பிரசாதம். அதை ஒதுக்க எந்தப் பிள்ளைக்குத் துணிச்சல் வரும்? ஆளுக்கொரு துண்டை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி வாயில் போட்டார்கள். சற்று நேரத்தில் ஒரு குரல் கேட்டது.

"அக்கா, எனக்கு இன்னுங் கொஞ்சம் காயி."

இத்தனை நாள் தொண்டை வற்றப் பேசியும் என்னால் முடியாததை ஆத்தாள் வாயே திறக்காமல் முடித்துவிட்டாள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. தலைமையாசிரியையும் ஒரு துண்டைக் கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொண்டு எழுந்தார். "ஸ்கூட்டரு வெயில்லயே நிக்கட்டும்மா" என்றார். ஆடுகள் ஏமாந்து கலைந்தன.

அந்த நாலாம் வகுப்புப் பெண் தட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, நாங்க சும்மா குடுக்கல. டீச்சர் நம்ம தோட்டத்தப் பிடுங்கிறக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டுத்தான் இருந்த காயெல்லாம் குடுத்தோம். சொல்றதுக்குள்ள நீங்க வைய ஆரம்பிச்சிட்டீக."

சொல்லிவிட்டுத் தன் தட்டில் மிச்சமிருந்த ஒரே துண்டை என்னிடம் நீட்டினாள். வாங்கி வாயில் போட்டேன். சாம்பார் காரமாக இருக்கிறது என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.